பக்கத்து வீட்டில் பிறந்திருந்தால்?



சில கிழமைகளுக்கு முன் ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகக் கட்டிய அறையொன்றை மந்திரித்துவிட்டு, வெளி விறாந்தையில் இருந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். பொழுதுபடும் நேரம். கீழே உள்துறைமுகத்துத் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கோ ஒரு கோயில் மணி ஒலித்தது. அது ஓய்வதற்குள் நம் ஆலயத்தின் திரிகால மணி. சற்றுப் பொறுத்துப் பள்ளிவாசலின் பாங்கு. திருகோணமலையில் வாழ்பவர்களுக்கு இது புதிதல்ல. கேட்டுக் கேட்டுப் பழகி, கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

அந்த வீட்டின் மூத்த மகன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். உயர்தர வகுப்பு மாணவன்.

"பாதர், ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டீங்களே? பக்கத்து வீட்டில பிறந்திருந்தால் நான் இப்ப கோயிலில நிண்டிருப்பன். அடுத்த ஒழுங்கையில பிறந்திருந்தால் பள்ளிவாசலில. இஞ்ச பிறந்தபடியால் பூசைக்கு வாறன். அப்ப, இது உண்மை எண்டு நான் நம்புறனோ, இல்லாட்டிப் பிறந்த இடம் என்னை நம்ப வைக்குதோ?"

தாயாருக்கு முகம் சிவந்துவிட்டது. "பாதரிட்டக் கேக்கிற கேள்வியோ இது?" என்று அதட்டினார். தகப்பனார் கோப்பைக்குள் எதையோ தேடினார். சாய்மனைக் கதிரையில் கிடந்த பாட்டனார் மட்டும் சிரித்தார். அவர் நாற்பது வருடம் கடலில் தொழில் செய்தவர்.

வாசகர்களே, அந்தத் தாயைப் போல நம்மில் பலர் இருக்கிறோம். விசுவாசம் என்றால் கேள்வி கேளாதிருப்பது என்றும், கேட்பவன் விசுவாசத்தை இழக்கத் தொடங்கிவிட்டான் என்றும் நினைக்கிறோம். இது கத்தோலிக்க போதனை என்று நினைத்தால் அது தவறு. 1870 ஏப்ரல் 24-ஆம் திகதி முதலாம் வத்திக்கான் திருச்சங்கம் விசுவாசத்தைப் பற்றி ஒரு சாசனம் வெளியிட்டது. சிருஷ்டிகளிலிருந்து சிருஷ்டிகரை மனிதன் தன் இயல்பான பகுத்தறிவின் ஒளியால் உறுதியாக அறிய முடியும் என்று அது கற்பித்தது. விசுவாசம் கண்ணை மூடிக்கொண்டு மனம் எழும்புவதல்ல என்றும் அதே சாசனம் சொல்கிறது. அறிவை நம்பாதே, நம்பிக்கை மட்டும் போதும் என்ற கருத்தைத் திருச்சபை ஏற்கவில்லை. நம்மிடமுள்ள நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்கு விடைசொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று புனித இராயப்பர் தம் முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எழுதியதும், அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் செய்யச் சொன்னதும் இதனால்தான். ஆகவே அந்தத் தம்பியின் கேள்வியை இந்த வாரப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அவன் சொன்னதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மில் மிகப் பெரும்பாலோர் தாயின் மடியில் சிலுவை அடையாளம் போடப் பழகியவர்கள். ஆராய்ந்து தெரிந்தவர்கள் அல்லர். ஆனால் இதிலிருந்து என்ன பெறப்படுகிறது? பெருக்கல் வாய்ப்பாட்டையும் நாம் பாடசாலையில் சொல்லித்தந்தபடியால்தான் அறிவோம். பாடசாலையே இல்லாத ஊரில் பிறந்திருந்தால் அறியாமலிருந்திருப்போம். அதனால் ஏழேழு நாற்பத்தொன்பது என்பது பொய்யாகிவிடுமா? ஒரு கருத்து என்னிடம் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. அது மெய்யா என்பது வேறு கேள்வி. கடவுள் இல்லை என்று சொல்பவரும் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு காலத்தில் பிறந்தபடியால்தான் அப்படிச் சொல்கிறார். பிறப்பு என்ற வாள் எல்லாக் கழுத்தையும் ஒரேபோல் வெட்டும். ஆகையால் எதையும் தீர்த்து வைக்காது.

அத்துடன், பிறந்த வீடு சிறைச்சாலையும் அல்ல. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னரிடம் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர். 1741-இல் இலங்கையிலிருந்து போன ஒல்லாந்தர் படை குளச்சலில் தோற்றபோது சிறைப்பட்ட தளபதி தெ லனோயுடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது. செல்வம் குன்றி மனம் நொந்திருந்த நேரத்தில் அந்த நண்பர் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். அவர் கேட்டார், யோசித்தார், விசாரித்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதனால் கிடைத்த லாபம் சிறையும் அடியும்; 1752 ஜனவரி 14-ஆம் திகதி ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் பிறந்த வீடு அவரை வேறு பக்கமாகத்தான் இழுத்தது.

இந்த இடத்தில் நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மெதடிஸ்தப் பாடசாலையில் படித்தவர். பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். நம்மில் எத்தனை பேருக்கு அவரளவு வேதாகம அறிவு இருக்கும்? அவர் படித்தார், சைவராகவே நின்றார். மறுபக்கத்தில், மானிப்பாயில் 1875-இல் சைவக் குடும்பத்தில் பிறந்து, நம் குருவாகி, தமிழையும் சரித்திரத்தையும் ஆழ ஆராய்ந்து, நம் விசுவாசத்துக்காக எழுதியும் வாதிட்டும் வந்தவர் சுவாமி ஞானப்பிரகாசர். மதம் மாறியவர்களை எண்ணிப் பார்த்து உண்மையைத் தீர்மானிக்க முடியாது. சிந்திக்கும் மனிதனைப் பிறப்பு கட்டிப்போடுவதில்லை என்பதற்குத்தான் இவர்களைச் சொன்னேன். அயலவர்களின் வழிபாட்டில் உண்மையும் பரிசுத்தமுமாயுள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் சொன்னதையும் மறக்க வேண்டாம். பக்கத்து வீட்டாரைத் தாழ்த்தித்தான் நம் விசுவாசத்தை நிலைநாட்ட முடியுமென்றால் அதன் அத்திவாரத்தில் ஏதோ கோளாறு.

"அப்ப எதை வைச்சு உண்மை எண்டு சொல்லுறது பாதர்? ஒரு நிரூபணம் சொல்லுங்கோ பாப்பம்."

ஒரே ஒரு நிரூபணம் வேண்டும் என்கிறான். கணக்குப் படிக்கிற பிள்ளை அப்படித்தான் கேட்கும். நான் பாட்டனார் பக்கம் திரும்பினேன். "ஐயா, வெளிக்கடலில நல்ல மீன் பட்ட இடத்துக்குத் திரும்பவும் போறதெண்டால் எப்பிடிப் போவீங்கள்? தண்ணியில அடையாளம் வைக்கேலாதே?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரையைப் பாத்துத்தான் சுவாமி. கோணேசர் மலையையும் அதுக்குப் பின்னால தெரியிற ஒரு அடையாளத்தையும் ஒரு நேருக்குக் கொண்டருவம். ஆனால் அது ஒரு கோடு மட்டுந்தான். கரைக்குக் கிட்ட நிண்டாலும் நேர்தான், தூர நிண்டாலும் நேர்தான். வேற பக்கத்தில, வெளிச்சவீட்டுப் பக்கமாய், இன்னும் ரெண்டு அடையாளத்தை நேர் பிடிக்க வேணும். ரெண்டு கோடும் வெட்டுற இடந்தான் நம்மட இடம். மூண்டாவதும் பிடிச்சால் இன்னும் திறம்."

வாசகர்களே, குருமடத்தில் இதை நான் ஒரு பெரிய புத்தகத்திலிருந்து படித்தேன். 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன், 1870-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்குகிறார். தம் நாடு ஒரு தீவு என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சுற்றிக் கப்பலோட்டிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்கிறார். இலங்கை தீவு என்பதும் நமக்கு அப்படித்தான் தெரியும். படம், பயணிகள் பேச்சு, கப்பல் வரும் போகும் செய்தி என்று தனித்தனியே தீர்க்கமில்லாத பல அத்தாட்சிகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. வாழ்க்கையில் நாம் உறுதியாக அறிந்த பெரும்பாலானவற்றை இப்படித்தான் அறிந்தோம். இப்போது வள்ளங்களில் வைக்கும் ஜீ.பீ.எஸ். கருவியும் இதற்கு விலக்கல்ல. ஒரு செய்மதியிலிருந்து அது தன் இடத்தை அறிவதில்லை. குறைந்தது நான்கு வேண்டும்.

கிறிஸ்தவன் தன் விசுவாசத்தை நியாயமானதென்று காண்பதும் இவ்விதமே. சில கோடுகளைப் பார்ப்போம்.

முதற்கோடு, இந்த உலகம் இருக்கிறது என்பது. 2022-இல் மணிக்கணக்கான மின்வெட்டில் இருந்தோமே, நினைவிருக்கிறதா? அப்போது வீட்டிலே வயர் இருந்தது, தெருவிலே கம்பி இருந்தது, விளக்கு மட்டும் எரியவில்லை. கம்பி மின்சாரத்தைக் கொண்டுவரும், உண்டாக்காது. பத்து மைல் கம்பி உண்டாக்காததை ஆயிரம் மைல் கம்பியும் உண்டாக்காது. நாம் காணும் பொருள்களெல்லாம் இருப்பை இரவல் வாங்கியவை. நான் இல்லாமலும் இருந்திருக்கலாம். இந்த மலையும் துறைமுகமும் சூரியனுங்கூட அப்படியே. இரவல் வாங்கியவைகளின் வரிசையை எவ்வளவு நீட்டினாலும், தன்னியல்பாகவே இருப்பை உடைய ஒருவரைச் சேராமல் இவை இந்தக் கணத்தில் இருப்பதற்கு விளக்கமில்லை. புனித அக்குவினாஸ் தோமையாரின் வாதத்தை வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்று விஞ்ஞானம் சொல்கிறதே, அதுவே சிருஷ்டிக்கு நிரூபணம் என்று பிரசங்கத்தில் முழங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கொள்கைக்கு வித்திட்டவரே பெல்ஜியத்துக் கத்தோலிக்க குருவான ஜோர்ஜ் லெமெய்த்ர்தான். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதியவர். ஆனால் 1951-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதைச் சிருஷ்டியோடு சேர்த்துப் பேசியபோது லெமெய்த்ருக்கு அது பிடிக்கவில்லை. பௌதிகக் கொள்கை பௌதிகமாகவே நிற்கட்டும் என்பது அவர் எண்ணம். தோமையாரும் உலகத்துக்குத் தொடக்கம் உண்டென்று அறிவினால் மட்டும் நிரூபிக்க முடியாது என்றே கருதினார். அவருடைய கேள்வி நேற்று உலகம் எப்படித் தொடங்கியது என்பதல்ல. இன்று ஏன் இருக்கிறது என்பது. இதையும் மறுக்கும் அறிவாளிகள் இருக்கிறார்கள். பிரபஞ்சம் சும்மா இருக்கிறது, அதற்குமேல் கேட்காதே என்கிறார்கள். எனக்கு அது, கேள்வி கேட்ட பிள்ளையைத் தாய் அதட்டியதைப் போலத்தான் படுகிறது. எப்படியானாலும் இது ஒரு கோடு மாத்திரமே. இந்தக் கோட்டில் ஒரு தத்துவஞானியும் நிற்கலாம், சைவ சித்தாந்தியும் நிற்கலாம், முஸ்லிம் சகோதரரும் நிற்கலாம்.

இரண்டாம் கோட்டைச் சொல்ல, நம்மைக் குற்றஞ்சாட்டும் ஒரு சாட்சியையே அழைக்கிறேன். ஓர்ஸ் ஹில்லிலிருந்து நகரத்தைக் கடந்து போனால் பிரட்றிக் கோட்டை. அதன் வாசலால் உள்ளே போய்த்தான் கோணேசர் ஆலயத்துக்கு ஏற வேண்டும். 1620-களில் போர்த்துக்கேயர் அந்தப் பழம்பெரும் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கழுத்திலே சிலுவை அணிந்தவர்கள் செய்த வேலை. கிறிஸ்தவம் அறிவுக்கு உகந்ததா என்று திருகோணமலையில் பேசுகிற எவரும் இதைப் பேசாமல் தாண்டிப் போகக்கூடாது. என் சைவ நண்பர் ஒருவர் இதை ஒருமுறை என்னிடம் கேட்டபோது, அது அந்தக் காலம் என்று மழுப்பினேன். அது தவறான பதில். அது பாவம் என்பதே சரியான பதில்.

ஆனால் சிந்தியுங்கள்: எந்த அளவுகோலால் அதைப் பாவம் என்கிறோம்? அந்தச் சேனாபதிக்குத் தன் நாட்டார் மெச்சினார்கள். தன் மனதில் நல்லதே செய்வதாக எண்ணியிருப்பான். நன்மை தீமை என்பது ஒவ்வொரு கூட்டமும் தனக்குள் செய்துகொண்ட ஏற்பாடு மாத்திரமானால், அவன் வேறு ஏற்பாட்டுக்காரன், அவ்வளவுதான். அவன் செய்தது பிழை என்று சொல்ல நமக்கு வாயில்லை. பிழைதான் என்று உங்கள் மனச்சாட்சி துணிந்து சொல்கிறதா? அப்படியானால் அவன் கூட்டத்துக்கும் நம் கூட்டத்துக்கும் மேலே நின்று இருவரையும் அளக்கும் ஒரு நீதி உண்டென்று நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். மனச்சாட்சி பரிணாமத்தில் வளர்ந்து வந்தது என்று சொல்லலாம், வளர்ந்திருக்கட்டும். அது எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி, அது சொல்வது மெய்யா என்பது வேறு கேள்வி என்று முன்னே பார்த்தோம். கிறிஸ்தவர்களின் குற்றத்தைக் கிறிஸ்துவின் அளவுகோலாலேயே அளந்து, 2000 மார்ச் 12-ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக உலகறிய மன்னிப்புக் கேட்டார். அந்த அளவுகோல் நம் சொத்தாக இருந்திருந்தால் நமக்குச் சாதகமாகவே காட்டியிருக்கும்.

இந்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் ஒரு கடவுள், சிருஷ்டிகர், நீதியுள்ளவர். ஆனால் இதுவரை கிறிஸ்தவம் வரவில்லை. மூன்றாம் கோடு சரித்திரத்திலிருந்து வருகிறது. நம் விசுவாசம் ஒரு தத்துவத்தின்மேல் கட்டப்பட்டதன்று. நடந்த ஒரு சம்பவத்தின்மேல் கட்டப்பட்டது. நடந்திராவிட்டால் இடிந்து விழ வேண்டியது. புனித சின்னப்பரே (இன்றைய மொழிபெயர்ப்பில் பவுல்) அப்படித்தான் சொல்கிறார்.

இயேசு என்பவர் பிலாத்துவின் காலத்தில் கொல்லப்பட்டதை, கிறிஸ்தவர்மேல் கொஞ்சமும் அன்பில்லாத உரோமைச் சரித்திராசிரியர் தாசித்து எழுதிவைத்திருக்கிறார். இதில் பெரிய தகராறு இல்லை. பிறகு என்ன நடந்தது என்பதே கேள்வி. சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அது எழுதப்பட்டது ஏறக்குறைய கி.பி. 55-இல், இயேசு இறந்து இருபத்தைந்து ஆண்டுக்குள். உயிர்த்த ஆண்டவரைக் கண்டவர்களின் நிரை ஒன்றைச் சின்னப்பர் அங்கே தருகிறார்: கேபா, பன்னிருவர், ஒரே வேளையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர், யாகப்பர், மற்ற அப்போஸ்தலர். ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று சேர்த்துக்கொள்கிறார். இந்த நிரையைத் தாம் இட்டுக்கட்டவில்லை, தமக்கு ஒப்படைக்கப்பட்டதைத் தருவதாகவும் சொல்கிறார். கேபாவையும் யாகப்பரையும் அவர் எருசலேமில் நேரே சந்தித்தவர் என்பதைக் கலாத்தியர் திருமுகத்தில் காண்கிறோம்.

இருபத்தைந்து ஆண்டு என்பது எவ்வளவு தூரம்? நம் கடற்கரையில் சுனாமி வந்தது 2004 டிசெம்பர் 26. இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று ஒருவர் திருகோணமலைக்குக் கடிதம் எழுதி, அன்று கடல் வரவேயில்லை என்றோ, கோணேசர் மலையின் உச்சியையும் மூடிக்கொண்டு போனது என்றோ சொல்லட்டும் பார்ப்போம். கண்டவர்கள் உயிரோடிருக்கிறார்கள், ஒரு தெருவுக்குள் போகமுன் கதை கிழிந்துவிடும். கண்டவர்கள் வாழும் காலத்திலேயே, போய்க் கேட்டுப் பாருங்கள் என்ற தொனியில் எழுதுகிறவன் கட்டுக்கதைக்காரனைப் போலப் பேசவில்லை.

மேலும், கதை கட்டுகிறவர்கள் இப்படிக் கட்டமாட்டார்கள். வெற்றுக் கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. அந்தக் காலத்து யூத சமுதாயத்தில் பெண்ணின் சாட்சியத்துக்குப் பெறுமதி குறைவு. தலைமைச் சீடர் மறுதலித்தார் என்றும், மற்றவர்கள் ஓடினார்கள் என்றும் தங்கள் வெட்கத்தையே எழுதிவைத்தார்கள். மனப்பிராந்தி என்று சொல்லலாமா? துக்கத்தில் இருந்த ஒருவருக்கு அது பொருந்தும். சபையை வேட்டையாடிக்கொண்டிருந்த சின்னப்பருக்கு என்ன துக்கம்?

அவர்கள் உயிரையே கொடுத்தார்களே என்று நாம் வழக்கமாகச் சொல்வதுண்டு. அதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். தான் நம்பியதற்காகச் சாவது அதை உண்மையாக்கிவிடாது. நம் மண் முப்பது வருடத்தில் இதை நிறையப் பார்த்துவிட்டது. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று ஆலயங்களுக்குள் குண்டோடு நுழைந்தவர்களும் தம் உயிரைக் கொடுத்தார்கள்தானே? பிறர் சொல்லக் கேட்டு நம்பியதற்காக ஒருவன் சாகலாம். அப்போஸ்தலரோ தாங்களே கண்டோம் என்றதற்காகப் பாடுபட்டார்கள். இராயப்பர், சின்னப்பர், இரண்டு யாகப்பர்கள் ஆகியோர் கொல்லப்பட்டதற்குப் பழைய சாட்சியம் உண்டு. கண்டதும் காணாததும் அவர்களுக்கே தெரிந்த விஷயம். இதனால் அவர்கள் பொய்யரல்லர் என்பது பெறப்படும். மிகுதி நம் தீர்ப்புக்கு விடப்பட்டிருக்கிறது.

நான்காவதாகப் புனித வாழ்வுகளைச் சொல்லலாம். லூசியானாவில் பிறந்து 1948-இல் இங்கு வந்து, கிழக்கிலங்கை மாணவருக்குக் கூடைப்பந்தாட்டமும் தொழிலும் பயிற்றிய யேசுசபைக் குரு யூஜின் ஹெபேட், திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. 1990 ஓகஸ்ட் 15-ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவரும் கூடச் சென்ற இளைஞரும் வீடு சேரவில்லை. அவரை அறிந்த பெரியவர்கள் நம் பங்குகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், நான் எழுதுவதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தத் தம்பி கேட்காத கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. சுனாமி அன்று அவன் பிறந்திருக்கவில்லை. நான் குருமட மாணவனாயிருந்தேன். நிவாரண முகாமொன்றுக்கு எங்களை அனுப்பினார்கள். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் என் கையைப் பிடித்து, "ஏன் தம்பி?" என்று கேட்டார். நான் படித்ததைச் சொல்லத் தொடங்கினேன். கடவுள் தீமையை விரும்புவதில்லை, அனுமதிக்கிறார் என்று ஒரு வசனம் முடிவதற்குள் அவர் என் கையை விட்டுவிட்டார். அந்தக் கை விட்டது இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

துன்பம் நம் கோடுகளுக்குக் குறுக்கே நிற்கும் பெரிய மலை. அதைக் கணக்கில் எடுக்காத விசுவாசம் நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். அறிவுக்கு எட்டிய சிலவற்றைச் சொல்லலாம். "இது நியாயமில்லை" என்று நாம் கதறுவதே நியாயம் ஒன்று உண்டென்று சாட்சி சொல்கிறது. குருட்டு உலகத்தில் அலை வந்தது, போனது, முறையிட எவருமில்லை. இது வாதத்துக்குச் சரி. அந்தத் தாய்க்கு இது பதிலல்ல. யோபுவுக்கும் கடவுள் காரணம் சொல்லவில்லை. ஆனால் காரணத்தை விளக்க வந்த நண்பர்களைக் கடிந்துகொண்டார். தேவசகாயத்தை ஈர்த்தது அந்த வரலாறுதான் என்பதை நான் அடிக்கடி நினைப்பேன். துன்பத்துக்கு விளக்கம் சொல்லாமல், அதற்குள் தாமே இறங்கிச் சிலுவையில் "ஏன்?" என்று கேட்ட ஒரு கடவுளைத்தான் நாம் விசுவசிக்கிறோம். வேறு எந்தக் கடவுளை அந்த முகாமுக்குள் கொண்டுபோயிருந்தாலும் எனக்கு வெட்கமாயிருந்திருக்கும்.

இனி, அறிவு எதுவரை வரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசும்போது எவ்வளவு விசாரிக்கிறோம்! குடும்பம், குணம், உத்தியோகம், குடிப்பழக்கம் என்று ஊரெல்லாம் கேட்கிறோம். விசாரியாமல் கொடுப்பது மடமை. ஆனால் எவ்வளவு விசாரித்தாலும் நாற்பது வருடத்துக்கு நிரூபணம் கிடைக்குமா? ஒரு கட்டத்தில் அந்தப் பெண் அந்த மனிதனை நம்பிச் சம்மதம் சொல்ல வேண்டும். விசாரணை சம்மதத்தைத் தகுதியாக்குகிறது, சம்மதமாகிவிடாது. விசுவாசமும் ஒருவருக்குச் சொல்லும் சம்மதம். அது நம் மனதின் செயல்; அதே நேரத்தில் இறைவன் தரும் வரம். காரணங்கள் அத்தனையும் தெரிந்த ஒருவர் சம்மதியாமல் நிற்கலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டி முழுமனதோடு சம்மதித்திருக்கலாம். அந்தப் பாட்டி தன் வாழ்நாள் முழுவதும் ஒருவரோடு பழகி அவரை அறிந்தவர். அதுவும் ஒரு விசாரணைதான்.

அன்றிரவு ஓர்ஸ் ஹில்லில் இவ்வளவையும் ஒழுங்காகச் சொன்னேன் என்று எண்ண வேண்டாம். பாதியில் மழை வந்தது, உள்ளே போனோம், தாயார் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று நின்றார். இடியப்பத்துக்கு முன்னால் தத்துவம் நிற்காது. புறப்படும்போது தம்பி படலை வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்தான்.

"பாதர், அந்த ஐந்நூறு பேர் கதை. அதைச் சின்னப்பர் மட்டுந்தானே சொல்லுறார்? சுவிசேஷத்தில ஏன் இல்லை?"

நல்ல கேள்வி. பலர் கேட்டிருக்கிறார்கள்; அடுத்த வாரம் அதை எடுத்துக்கொள்வோம். அதற்குள் நீங்களும் வீட்டில் 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தையும், மத்தேயு 28, லூக்காஸ் 24, அருளப்பர் 20, 21 அதிகாரங்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்து, எதில் யார் யார் ஆண்டவரைக் கண்டதாகச் சொல்லப்படுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஒவ்வாமல் தெரியும் இடங்களையும் மறைக்காமல் எழுதுங்கள்.

நான் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது உள்ளே பாட்டனாரின் குரல் கேட்டது. தம்பியைக் கூப்பிட்டு, அந்த அதிகாரத்தை உரத்து வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் கண்ணாடியைக் காணவில்லையாம்.